காதுக்கு லீவு

எங்கள் மச்சாள் உயர்தரப் படிப்பு முழுவதையும் சைக்கிளில் ஏறி இருந்துதான் படித்தாள், ஓர் அடிகூட நகராமல். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. பாட்டென்றால் அவர்களுக்குக் காதில் வயரைச் செருகினால் வருவது. அம்மா சும்மா அளக்கிறா என்று சிரிக்கிறார்கள். நான் ஏன் அளக்கிறேன்? அக்கராயனில் எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே சைக்கிளைப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்துவாள். சீற்றில் ஏறி இருந்து, ஹான்டிலில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, மிதிக்கத் தொடங்குவாள். பின்சில்லில் டைனமோ. அதிலிருந்து ஒரு வயர், பக்கத்தில் ஸ்டூலில் இருக்கும் கசெட் ரேடியோவுக்குப் போகும். மிதித்தால் பாட்டு. மிதிக்காவிட்டால் பாட்டு இல்லை. பாட்டு இல்லாவிட்டால் அவளுக்குப் படிப்பும் இல்லை.

அப்போது சண்டைக்காலம், வன்னிக்குள் ஆமி பற்றறிகூட வரவிடாது. கரண்டைக் கண்டு எத்தனையோ வருடம். வீட்டுக்கு வீடு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக் கையால் சுற்றித்தான் செய்தி கேட்டார்கள். ஆகவே டைனமோவில் ரேடியோ பாடுவது ஒரு புதினமில்லை. பெட்டை ஒருத்தி ஏறி இருந்து மிதித்துக்கொண்டு தாவரவியல் பாடமாக்குவதுதான் புதினம். ஒழுங்கையால் போகிறவர்கள் சும்மா போகமாட்டார்கள்.

"எங்க பிள்ளை பயணம்?"

"மாங்குளம் மட்டும் அண்ணை."

பாடம் கடினமென்றால் தூரமும் கூடும். "இண்டைக்குச் சேதன இரசாயனம் அண்ணை, வவுனியாவுக்கும் அங்கால போகவேணும்" என்பாள். முகத்தில் சிரிப்பு இருக்காது. கேட்டவர்தான் சிரித்துக்கொண்டு போவார்.

அவள் அப்பாவின் தங்கையின் மகள். பூநகரியில் அவர்களுக்குக் கடலோரம் கொஞ்சம் வயல் இருந்தது. அங்கே உயர்தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லை, பஸ்ஸும் நினைத்தால் வரும் நினைத்தால் வராது. எங்கள் பக்கம் இடம்பெயர்ந்து வந்த நல்ல மாஸ்ரர்மார் நிறைந்து கிடந்தார்கள். அதனால் மாமா, அவளுடைய தகப்பன், ஒரு நாள் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, "இஞ்ச நிண்டு படிக்கட்டும்" என்று அவளை விட்டுவிட்டுப் போனார். அவளும் நானும் ஒரே வயது, ஒரே பாடங்கள். என்ன, எனக்கு ஈ பறந்தாலும் படிப்பு ஓடாது. அவளுக்கு ரேடியோ கத்தினால்தான் ஓடும். கடவுள் இரண்டு பேரையும் ஒரே வளவுக்குள் கொண்டுவந்து போட்டார். நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வைக்கோற்போருக்குப் பின்னால் போய்விடுவேன். அங்கேயும் அந்தப் பாட்டு வரும். எரிச்சலில் அழுதுகூட இருக்கிறேன்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கசெட். முன்பக்கம் சினிமாப் பாட்டு, பின்பக்கம் நாதஸ்வரம். விளங்காத இடம் வந்தால் அவளுக்குக் கால் தானாக மெதுவாகும். பாடுகிறவரின் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கிக்கொண்டே போகும். விளங்கிவிட்டால் திரும்ப மேலே ஏறும். குசினிக்குள் இருக்கிற அம்மா பாட்டை வைத்தே சொல்லுவார், "பெடிச்சிக்கு அந்தக் கணக்கு வரேல்லைப் போல கிடக்கு." சில நேரம் பாட்டு அப்படியே படுத்துவிடும். அப்போது அம்மா ஒரு தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பார். பிற்காலத்தில் ஒரு தரம் வவுனியாவில் தேத்தண்ணிக் கடையொன்றில் அதே பாட்டுப் போனது, ஒழுங்கான கரண்டில். மச்சாள் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஆரடி இது, இந்த அவசரத்தில பாடுறது?" என்று கேட்டாள். அது அவளுடைய பாட்டுத்தான் என்று நம்பவைக்க எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இனி அவளுடைய காதைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்படி ஒரு காதை நான் வேறு ஒருவரிடமும் கண்டதில்லை. ரியூசன் முடிந்து பஸ்ஸுக்கு நிற்போம். சோளகக் காற்று பனைகளைப் போட்டு உலுப்பும், வேறு ஒன்றும் கேட்காது. இவள் புத்தகப் பையைத் தூக்கித் தோளில் மாட்டுவாள். உடனே சனமெல்லாம் சாமான்களைத் தூக்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பஸ்ஸின் புழுதி தெரியும். நாளடைவில் தரிப்பிடத்தில் ஒருவரும் ரோட்டைப் பார்ப்பதில்லை, இவளைத்தான் பார்ப்பார்கள். வீட்டில் முற்றத்தில் நின்றுகொண்டே, "மாமி, உலை அடங்குது, பாருங்கோ" என்பாள். அம்மா ஓடிப்போய்ப் பார்த்தால் சோறு பதத்துக்கு வந்திருக்கும்.

ஆனால் பஸ்ஸும் சோறுமா அந்த நாளில் பெரிய விசயம்? குண்டு போட வருகிற பிளேன்தான் விசயம். எங்கள் ஊரில் காது இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. உரலில் இடிக்கிறவர்கள் நாலு குத்துக் குத்திவிட்டு உலக்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், காது கொடுப்பார்கள், பிறகு இடிப்பார்கள். தேங்காய் துருவும்போதும் அப்படித்தான். மரம் அரிகிறவர்களும் அப்படித்தான். அந்த இடைவெளி கைக்கும் பழகிப்போயிருந்தது. சத்தம் கேட்டு ஓடிப் பங்கருக்குள் இறங்கக் கிடைக்கிற நேரம் கொஞ்சம். அந்தக் கொஞ்ச நேரத்தை மச்சாள் எங்களுக்குக் கூட்டித் தந்தாள். மற்றவர்களுக்குக் கேட்கிறதுக்கு வெகுநேரத்துக்கு முன்பே அவளுக்குக் கேட்கும். "வருது" என்று ஒரு சொல்தான். எங்கள் வீடு இறங்கும், பக்கத்து வளவு இறங்கும், அதற்கடுத்த வளவும் இறங்கும்.

அப்பாவுக்கு அதில் பெரிய பெருமை. "எங்கட மருமகள் இருக்கேக்க எங்களுக்கு என்ன பயம்?" என்று வாய்க்கால் கரையில் நின்று சொல்லுவார். பக்கத்து வளவு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, மழை வருமோ என்று கேட்கிற மாதிரி, "பிள்ளை, நான் இப்ப உடுப்புத் தோய்க்கப் போகலாமோ?" என்று கேட்பார். இவள் கொஞ்சம் தலையைச் சாய்த்து நின்றுவிட்டு, "போங்கோ அக்கா" என்பாள். அவ்வளவு பேரின் உயிரும் அந்தச் சின்னத் தலைசாய்ப்பில் கிடந்தது. அதை நாங்கள் ஒருவரும் அப்போது அப்படி யோசிக்கவில்லை.

இப்படிப்பட்ட காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ரேடியோவை வைத்தால் அப்பா சும்மா விடுவாரா?

"பாட்டைப் போட்டா உனக்கு எப்பிடியடி பிளேன் கேக்கும்?"

"கேக்காது மாமா."

"பிறகு?"

"பிறகென்ன மாமா, நீங்கள் ஆரும் கேளுங்கோவன்."

"உன்ர காது எங்களுக்கு ஆருக்கு இருக்கு? பாட்டும் கூத்துமா இருந்து அதைக் கெடுக்காதை பிள்ளை. சத்தமில்லாமல் இருந்து படி, இவள் படிக்கேல்லையே?"

இவள் என்றது என்னை. நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டுவேன். அவள் ஓம் என்பாள். அப்பா வயலுக்குப் போன கையோடு சைக்கிள் ஸ்டாண்டில் ஏறிவிடும். வேடிக்கை என்னவென்றால், பாட்டு ஓடும்போது அவளுக்கு மெய்யாகவே ஒன்றும் கேட்காது. அப்பா திரும்பிவந்து மண்வெட்டியோடு முதுகுக்குப் பின்னால் நின்றாலும் தெரியாமல் மிதித்துக்கொண்டிருப்பாள். "இந்த நேரம் மட்டும் என்ர காதுக்கு லீவு மாமா" என்று ஒரு தரம் சொன்னாள். அப்பா அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டு, வயரைக் கழற்றினார்.

ரியூசனிலும் இது பெரிய வழக்காகிவிட்டது. இரசாயனம் படிப்பித்த மாஸ்ரர் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர், ஓலைக் கொட்டிலில் கரும்பலகைக்கு முன்னால் நின்றால் நேரம் போவது தெரியாதவர். அவர் சொன்னார், பாட்டோடு படித்தால் பாடம் பாட்டில் ஒட்டிக்கொள்ளும், சோதனை மண்டபத்தில் பாட்டு இராது, ஆனபடியால் பாடமும் வராது என்று. பெடியன்கள் சிலர் விடவில்லை. பாட்டு மனத்தைத் தளர்த்தும், தளர்ந்த மனத்தில்தான் படிப்பு ஏறும் என்றார்கள். நானும் ஆசைக்கு ஒரு பின்னேரம் பாட்டோடு தாவரவியல் படித்துப் பார்த்தேன். பாட்டு முழுதும் பாடமாகியது. மச்சாள் மட்டும் அந்த வழக்கில் வாய் திறக்கவில்லை. பெருவிரலால் நிலத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

முதல்தரம் சோதனை வந்தது. மாஸ்ரர் சொன்னதுதான் நடந்தது, அல்லது நடந்த மாதிரி இருந்தது. எல்லாம் தெரிந்தவள், எனக்கே சொல்லித்தந்தவள், மூன்று மணித்தியாலமும் பேனையைப் பிடித்தபடி இருந்துவிட்டு, அரைகுறைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு பாடத்துக்கும் அப்படித்தான். முடிவு வந்தபோது வீட்டில் ஒருவரும் சத்தம் போடவில்லை. அப்பா டைனமோவைக் கழற்றிக் கூரை வளையில் கொண்டுபோய்ச் செருகினார், அவ்வளவுதான். "பாட்டால கெட்டுது" என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. வைக்கோற்போருக்குப் பின்னால் பேரமைதியில் படித்த எனக்கும்தான் பல்கலைக்கழக வளாகம் கிடைக்கவில்லை. நான் எதனால் கெட்டேன் என்று ஒருவரும் ஆராயவில்லை.

மாமாவிடமிருந்து ஆள் வந்தது. இன்னொரு தரம் எடுக்கட்டும், அதிலும் சரிவராவிட்டால் வீட்டுக்கு வந்துவிடட்டும், வயலுக்கும் ஆளில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு அவளுடைய சாப்பாடு குறைந்துபோனது.

ஒரு நாள் பின்னேரம் அம்மாவும் நாங்கள் இருவரும் கச்சான் ஆய்ந்துகொண்டிருந்தோம். நிலக்கடலைச் செடியை உதறிக் கச்சானைப் பிடுங்கிக் கடகத்தில் போடுகிற வேலை. அம்மா நிமிராமல் கேட்டார்.

"உண்மையைச் சொல்லு பிள்ளை. சோதினையில அவ்வளவு நேரமும் என்ன செய்தனீ?"

"கேட்டுக்கொண்டிருந்தனான் மாமி."

"என்னத்தை?"

"பிளேன் வருதோ எண்டு."

அம்மா கையை நிறுத்தினார்.

"மண்டபத்தில ஒரு சத்தமும் இல்லை மாமி. சத்தம் இல்லாட்டி என்ர காது தானாப் போய் வானத்தில நிண்டிடும். இழுத்தாலும் வராது. கேள்வியை வாசிப்பன், பாதியில காது போயிடும். திரும்ப முதல்ல இருந்து வாசிப்பன். பாட்டு இருந்தா அது மறைச்சுப்போடும். அதுக்குத்தான் பாட்டு. எனக்கு அந்தப் பாட்டில என்ன சொல்லு வருதெண்டு கூடத் தெரியாது."

"எல்லாரும்தானே பிள்ளை பயத்தோட இருக்கிறம்."

"பயமில்லை மாமி." கொஞ்ச நேரம் வெறுஞ்செடியை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஊரிலயும் நான்தானே காது. ஒரு நாள் புத்தகத்தில இருந்திட்டன். நல்ல கதை, அதுக்குள்ள போயிட்டன். கேக்கேல்லை. அப்பா வயலுக்க நிண்டவர்."

மாமாவின் தடி அப்போதுதான் எனக்கு விளங்கியது. குண்டுத் துண்டு பட்டது என்று தெரியும். அது பட்ட நேரம் இவள் ஒரு கதைப் புத்தகத்துக்குள் இருந்தாள் என்பது தெரியாது. அத்தனை மாதமும் அவளை உறுத்திப் பார்த்துக்கொண்டு வைக்கோற்போருக்குப் போனவள் நான்.

அம்மா மிச்சச் செடியையும் ஆய்ந்து முடித்தார். கடகம் நிறைந்த பிறகு சொன்னார்.

"அடுத்த சோதினைக்கு நானும் வாறன்."

"நீங்கள் வந்து என்ன செய்யிறது மாமி?"

"நான் வெளியில நிண்டு கேக்கிறன். நீ உள்ளுக்க இருந்து எழுது."

மச்சாள் சிரித்துவிட்டாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? எங்கள் அம்மா உழவு மிசின் ஒழுங்கையில் திரும்பினாலே பங்கருக்குள் இறங்குகிறவர். "உங்களுக்கு மிசினுக்கும் பிளேனுக்கும் வித்தியாசம் தெரியாதே மாமி."

"பழக்கிவிடன்."

அந்த வருடம் முழுதும் எங்கள் வீட்டில் இந்தக் கூத்துத்தான். காலையில் மச்சாள் அம்மாவை வேலியோரம் நிறுத்தி, இது சாமான் ஏற்றிக்கொண்டு பலாலி ஆமி முகாமுக்குப் போகிறது, இது ஹெலி, குண்டு போடக் குத்தி இறங்குகிறது இப்படித்தான் தொடங்கும் என்று சொல்லிக்கொடுப்பாள். அம்மா கண்ணை மூடி, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு கேட்பார். பின்னேரம் மச்சாள் சைக்கிளில் ஏறுவாள், அம்மா பங்கர் வாசலில் மரக்கறி வெட்டிக்கொண்டு வானத்துக்குக் காது கொடுப்பார். டைனமோவை வளையிலிருந்து எடுத்துப் பூட்டிவிட்டவர் அப்பா. எண்ணெயும் விட்டார். முதல் இரண்டு மாதமும் அம்மா பிழை பிழையாகச் சொல்லி எல்லோரையும் வீணாக இறக்கினார். பக்கத்து வளவு அக்கா நனைந்த உடுப்போடு இறங்கி இருந்து, "மருமகளை விட்டிட்டு ஏன் நீங்கள்?" என்று புறுபுறுத்தார். பிறகு பிழை குறைந்தது. பிறகு மச்சாளுடைய பாட்டு நின்றிருந்த நேரத்தில்கூட, அவள் நிமிராமல் படித்துக்கொண்டிருந்ததை நான் ஒரு தரம் கண்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை, சொன்னால் நின்றுவிடும் என்று ஒரு பயம்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், அவளுக்கு வளாகம் கிடைத்தது. எனக்கும் கிடைத்தது, கடைசி ஆள்போல. ஆனால் எனக்கு மறக்காதது இரசாயனச் சோதனை நடந்த அந்த நாள்.

மண்டபம் என்பது பாதிச் சுவர் வைத்த தகரக் கொட்டகை. எங்கிருந்து பார்த்தாலும் வெளியே தெரியும். அம்மா வேலியோரம் ஒரு வேம்பின் கீழே போய் நின்றார். மேற்பார்வைக்கு வந்தவர் கிட்டப் போய், "அம்மா, இதில நிக்கப்படாது" என்றார்.

"நான் ஒருத்தரோடையும் கதைக்கமாட்டன் தம்பி. சும்மா நிண்டுகொண்டிருப்பன்."

அவர் என்ன நினைத்தாரோ, வேலிக்கு அந்தப்பக்கம், வேம்பு நிழலில் நிற்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். நாங்கள் உள்ளே போகமுதல் அம்மா மச்சாளிடம் ஒன்று சொல்லியிருந்தார். "வந்தா நான் பிள்ளை எண்டு கூப்பிடுவன். நான் கூப்பிடாமல் நீ நிமிரப்படாது. என்ன நடந்தாலும்." மச்சாள் ஓம் என்று தலையாட்டினாள்.

அவளுக்குப் பின்வரிசையில் நான். தொடக்கத்தில் அவளுடைய கழுத்து விறைத்துப்போய் இருந்தது. இரண்டு தரம் வேம்பைப் பார்த்தாள். அம்மா அங்கேயே நின்றார். பிறகு அவளுடைய தோள் தாழ்ந்தது, பேனை ஓடத் தொடங்கியது. நானும் என்னுடைய தாளுக்குள் போய்விட்டேன்.

பாதி நேரத்துக்கு மேல் இருக்கும். எனக்கே கேட்டது. தெற்கிலிருந்து, காற்றுக்குள்ளால், இழுத்து இழுத்து. கொட்டகை முழுதும் தலைகள் நிமிர்ந்தன. முன்னால் ஒரு பெடியன் கதிரையைத் தள்ளிக்கொண்டு பாதி எழும்பினான். மேற்பார்வையாளர் வாசலுக்குப் போய் மேலே பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அண்ணாந்து நின்றார். ஒரு கை வாயில். கூப்பிடவில்லை. சத்தம் கூடியது, தகரம் அதிர்ந்தது. கூப்பிடுங்கோ அம்மா, கூப்பிடுங்கோ என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. கூப்பிட்டால் அவளுடைய சோதனை முடிந்தது. கூப்பிடாமல் விட்டு அது குத்தி இறங்கினால் எல்லாமே முடிந்தது. உழவு மிசினுக்குப் பங்கருக்குள் இறங்கின அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கேட்டுக்கொண்டே நின்றார். சத்தம் எங்களுக்கு மேலால் நேரே போனது. போய், பலாலிப் பக்கம் மெலிந்தது. மேற்பார்வையாளர் திரும்பிவந்து, "எழுதுங்கோ, எழுதுங்கோ" என்றார். பெடியன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தான். நான் கேள்வியைத் திரும்ப முதலிலிருந்து வாசித்தேன்.

சோதனை முடிந்து வெளியே வந்தோம். மச்சாள் வேலிக்கருகே ஓடிப்போய் அம்மாவைப் பார்த்தாள்.

"என்ன மாமி, உடம்பெல்லாம் தண்ணியா வேர்த்துக்கிடக்கு?"

"வெயில்தானே பிள்ளை."

என்னால் பொறுக்க முடியவில்லை. "பிளேன் போனதெல்லே, தலைக்கு மேலால" என்றேன்.

மச்சாள் என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"எப்ப?" என்று கேட்டாள்.

அம்மா அப்படியே வேம்பின் கீழே நிலத்தில் இருந்து அழத் தொடங்கினார்.